சாயப்பட்டறை ஜீரோ டிஸ்சார்ஜ் பிளான்ட்டுக்கு டிசைன் ரிவ்யூ: தாராளமா கூப்பிடலாம்ங்க

திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறைல சுத்திகரிப்பு பிளான்ட் இன்சார்ஜா இருக்கேன், பழசு பத்தாம கழிவுத்தண்ணி வெளிய போகாத மாதிரி (அதுதான் ஜீரோ டிஸ்சார்ஜ்) புதுசா ஒண்ணு போடறோம், அதுக்கு டிசைன் ரிவ்யூ பண்ண, அதாவது கட்டறதுக்கு முன்னாடி ட்ராயிங்கைப் பாத்து குறை சொல்ல, ஒரு டீமைக் கூப்பிட்டோம், அவங்களைப் பத்தித்தான் சொல்றேன். 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவு வந்து சாயப்பட்டறைங்க மூடுனதை இங்க யாரும் மறக்கல, பிளான்ட் நின்னா பட்டறையும் நிக்கணும், அதனால இந்த ரிவ்யூக்கு காசு செலவு பண்ண யோசிக்கவே யோசிக்காதீங்க.

இவங்க டீம்ல பாதிப்பேரு ஆர்ஓவும் (மெம்பரேன்ங்கற சவ்வு வழியா தண்ணியைத் தள்ளி உப்பைப் பிரிக்கறது) எவாப்பரேட்டரும் (மிச்ச உப்புத்தண்ணியை ஆவியாக்கறது) கையால ஓட்டுனவங்க, அது பேசுனதுமே தெரிஞ்சிருச்சு. ட்ராயிங்கை டேபிள்ல விரிச்சு வச்சிட்டு எங்க நைட் ஷிஃப்ட் ஆபரேட்டரை பக்கத்துல உக்கார வச்சு, "அண்ணா, கரண்ட் போச்சுன்னா மொதல்ல என்னங்க பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. அவரு "பர்மியேட் தண்ணி (ஆர்ஓல உப்பு நீங்கி வந்த நல்ல தண்ணி) விட்டு ஃப்ளஷ் பண்ணிருவேனுங்க, உப்புத்தண்ணி உள்ளயே நின்னா மெம்பரேன்ல படிஞ்சிரும்"னாரு. சரின்னு ட்ராயிங்ல தேடுனா அந்த ஃப்ளஷ் வால்வு ஸ்கிட்டுக்கு (ஆர்ஓ மெஷினை மாட்டிருக்கற இரும்பு ஃப்ரேம்) பின்னாடி இருக்குது, ராத்திரி இருட்டுல பைப்புக்கு கீழ குனிஞ்சு போயி திருகணும். அப்பவே சிவப்பு மார்க் போட்டு பேனல் பக்கமா மாத்தச் சொல்லிட்டாங்க.

அடுத்தது மெம்பரேன் மாத்தற இடம். 8 இஞ்ச் மெம்பரேன் ஒண்ணு 40 இஞ்ச் நீளம் வருது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர், தண்ணி உள்ள போற ஃபீட் பக்கம் புதுசை தள்ளுனா மறுபக்கம் பழசு வெளிய வரும், ஆனா சப்ளையர் குடுத்த லே-அவுட்ல மெம்பரேன் இருக்கற குழாய், அதாவது வெசல், அதோட மூடிக்கும் சுவத்துக்கும் ரெண்டடிதான் இருந்துச்சு. எப்படிங்க வெளிய எடுக்கறது? சுவத்தை தள்ளிப் போட சிவில் ட்ராயிங்லயே திருத்தியாச்சு. எவாப்பரேட்டர்லயும் அதே கதைதான், டியூப்ல உப்பு படிஞ்சா மேல்மூடியைக் கழட்டி ஜெட் அடிக்கணும், அந்த மூடியைத் தூக்க செயின் பிளாக் (சங்கிலி கப்பி) மாட்ட பீமே இல்ல, சேர்க்க வச்சாங்க. சாம்பிள் எடுக்கற டேப்பை நெஞ்சு உயரத்துக்கு இறக்குனது சின்ன விஷயம்தான், ஆனா ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஏணி ஏறறவங்களுக்குத் தெரியும் அதோட அருமை.

குறைன்னு பாத்தா ரெண்டு இருக்குது. ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ்ல குடுத்தாங்க, பேசுன ஆபரேட்டருங்களே படிக்க முடியல, கேட்டப்புறம்தான் தமிழ்ல ஒரு லிஸ்ட் வந்துச்சு. எலக்ட்ரிக்கல், பேனல் பக்கம் மேலோட்டமாத்தான் பாக்கறாங்க, அதுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க.

கூப்பிடறதுன்னா அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க, கான்கிரீட் போட்டப்புறம் இவங்க சொல்றதுல பாதியை செய்யவே முடியாது. உங்க ஃபிட்டரையும் கூட உக்கார வைங்க, நாங்க ஆபரேட்டரை மட்டும் அனுப்புனோம், பம்ப் கழட்டற வழி பத்தி ஃபிட்டர் சொன்ன பாயின்ட்டுக்காக திரும்ப ஒரு தடவை வரச் சொல்ல வேண்டியதாப் போச்சு, வந்தாங்க, அதுக்குன்னு தனியா சார்ஜ் கேக்கல.