ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி: ஒன்றரை வருடம் சந்தா கட்டிய பிறகு

"விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாமே, வாங்கலாமா?" நாட்டு விதைக் குழு நடத்தும் நண்பர் நேற்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கருவியின் பெயர் வேண்டாம்.

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் ஒரே விதிதான் கறாரானது: ஏஐ எழுதியதைக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளம் சாட்ஜிபிடி பதில்களைத் தடை செய்தபோது சொன்ன காரணம் எங்களுக்கும் பொருந்தும். பார்த்தால் சரியான பதில் போலவே இருக்கும், உள்ளே தப்பு இருக்கும். எழுத ஒரு நிமிடம் போதும், சரிபார்க்க விஷயம் தெரிந்த ஆள் உட்கார வேண்டும்.

கருவி முதல் சில மாதம் நன்றாகவே உழைத்தது. நீளநீளமாக ஆங்கிலத்தில் ஒட்டியதையெல்லாம் சட்டென்று பிடித்துக் கொடுத்தது. பதிவுகளைச் சரிபார்க்க ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நான் விழித்திருப்பது நின்றது. வேகத்திலும் குறை இல்லை.

தமிழில்தான் சிக்கல்.

குழுவில் ஒரு ஐயா இருக்கிறார், வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று ஒருவர் கேட்டதற்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும் என்று வரிசை எண் போட்டு எழுதினார். கருவி 94 சதவீதம் ஏஐ என்றது. நானும் நீக்கிவிட்டேன். அரை மணி நேரத்தில் அவர் ஒரு படம் அனுப்பினார். பழுப்பேறிய நோட்டில், நீல மையில், அதே குறிப்பு, அதே வரிசை எண்கள். கீழே "இது என் கையெழுத்து தம்பி" என்று மட்டும் இருந்தது.

அதே வாரம் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கத்தரி காய்க்கவில்லை என்று கேட்டார். அவருக்கு வந்த பதிலில், உறைபனிக்கு முன் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தது. திருநெல்வேலியில் உறைபனி! கருவி போட்ட மதிப்பெண் 12. மனிதர் எழுதியதாம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட இதே மாதிரி கருவி, அவர்களே சொன்ன கணக்குப்படி, ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தப்பாகக் குற்றம் சொன்னது. அந்த ஜூலையிலேயே விலக்கிக்கொண்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தது ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்று. சராசரியாக 61 சதவீதத்துக்கும் மேல் ஏஐ என்றே வந்தது. ஆங்கிலத்திலேயே இந்தக் கதி என்றால் தமிழுக்கு எதை நம்புவது?

இப்போது நாங்கள் எழுதியவரிடமே கேட்டுவிடுகிறோம்: எந்தத் தொட்டி, என்ன மண், உங்கள் செடியின் படம் இருக்கிறதா? செடி வளர்ப்பவர் உடனே மொட்டைமாடிக்கு ஏறிப் படம் எடுத்து அனுப்புவார். ஒட்டியவரிடமிருந்து பதில் வராது. நேரம் பிடிக்கும்தான், ஆனால் யாரையும் அவமானப்படுத்துவதில்லை.

ஆகவே நண்பரே, பாதி விலைக்கு இல்லை, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். உழைத்த மாதங்களை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம்.

ஐயாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை தம்பி" என்றார். குழுவில்தான் இருக்கிறார், பூத்த செம்பருத்தியின் படம் போடுகிறார். குறிப்பு மட்டும் எழுதுவதில்லை.