ஐஓஸ்டாட், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு: அந்த யூட்டில் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

"யூட்டில் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, டிஸ்க்கை மாற்றிவிடலாமா?" புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டார். வேண்டாம், அவசரப்படாதீர்கள். லினக்ஸில் டிஸ்க்குகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் ஐஓஸ்டாட் கட்டளை மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டென்றால், அது வலது ஓரத்தில் நிற்கும் இந்த ஒற்றை எண்தான்.

ஒரு கோரிக்கையாவது டிஸ்க்கிடம் நிலுவையில் இருந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதைத்தான் யூட்டில் சொல்கிறது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும் சுழலும் டிஸ்க்குக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். எஸ்எஸ்டியும் ரெய்டும் (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) பல கோரிக்கைகளை ஒரே சமயத்தில் முடிப்பவை. அங்கே 100 என்பது எல்லை அல்ல. கையேட்டுப் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு, லினக்ஸ் கர்னல் 5.0 முதல் இந்தக் கணக்கு ஜிஃபி (கர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) அளவில் தோராயமாகப் போடப்படுவதால், மைக்ரோவினாடிகளில் முடிகிற வேலையும் ஊதிப் பெருத்துத் தெரியும்.

ஒரு என்விஎம்ஈ (வேகமான எஸ்எஸ்டி வகை): யூட்டில் 99, வினாடிக்கு 7,500 வாசிப்பு, ஆர்-அவெயிட் (ஒரு வாசிப்பு முடிய ஆகும் சராசரி நேரம்) 0.4 மில்லிவினாடி, வரிசை நீளம் (சராசரியாக நிலுவையில் நிற்கும் கோரிக்கைகள்) 3. நன்றாகவே இருக்கிறது. ஒரு 7,200 ஆர்பிஎம் டிஸ்க்: யூட்டில் அதே 99, வினாடிக்கு 90 வாசிப்பு, ஆர்-அவெயிட் 180 மில்லிவினாடி, வரிசை 16. மூச்சு முட்டுகிறது. வாசிப்பு எண்ணிக்கையை, மில்லிவினாடியிலிருந்து வினாடியாக மாற்றிய அவெயிட்டால் பெருக்கிப் பாருங்கள், வரிசை நீளம் வந்துவிடும். இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. யூட்டில் எதையும் சரிபார்ப்பதில்லை.

ஓட்டும்போது எக்ஸ், ஒய் இரண்டு விருப்பங்களும் 5 வினாடி இடைவெளியும் கொடுங்கள். ஒய் இல்லையென்றால் முதல் அறிக்கை சர்வர் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. அதைப் பார்த்து முடிவெடுத்துக் கெட்டவர்கள் பலர்.

மனம் குளிர்ந்த இடம் எஃப்-அவெயிட், அதாவது ஃப்ளஷ் (டிஸ்க்கின் தற்காலிக நினைவகத்தில் இருப்பதை நிரந்தரமாக எழுதச் சொல்லும் கோரிக்கை) முடிய ஆகும் நேரம். கர்னல் 5.5 முதல் ஃப்ளஷ் கோரிக்கைகள் தனியாக எண்ணப்படுகின்றன. டேட்டாபேஸில் காமிட் (மாற்றத்தை உறுதிசெய்யும் படி) காத்திருப்பது எஃப்சிங்க்குக்காக; தரவு டிஸ்க்கில் உறுதியாக இறங்கச் சொல்லும் அந்த அழைப்புதான் ஃப்ளஷை அனுப்புகிறது. டபிள்யூ-அவெயிட் (ஒரு எழுத்து முடிய ஆகும் நேரம்) குறைவாகவும் எஃப்-அவெயிட் மட்டும் எகிறியும் இருந்தால், காமிட் இழுப்பதன் காரணம் கண்முன்னே இருக்கிறது. பார்ட்டிஷனுக்கு இது வராது, முழு டிஸ்க்கின் வரியைப் பார்க்க வேண்டும்.

எந்தப் புராசஸ் எழுதுகிறது என்பதை ஐஓஸ்டாட் சொல்லாது. அதற்கு, அதே சிஸ்டாட் தொகுப்பிலுள்ள பிட்ஸ்டாட்டை டி விருப்பத்தோடு ஓட்டுங்கள். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் செக்பாயின்டர் (நினைவகத்தில் மாறிய பக்கங்களை அவ்வப்போது டிஸ்க்கில் எழுதும் புராசஸ்) அதிகம் எழுதினால் லாகைத் திறக்கவும். "செக்பாயின்ட் ஸ்டார்டிங்" என்பதற்குப் பின்னால் "டைம்" இருந்தால் கெடு வந்து ஓடியது, "வால்" இருந்தால் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவுக்கான மேக்ஸ்-வால்-சைஸ் வரம்பு நிரம்பி ஓடியது. அதன் இயல்பு அளவு 1 ஜிபி. எழுத்து அதிகமுள்ள டேட்டாபேஸுக்குக் காணவே காணாது. ஏற்றினால் செக்பாயின்ட் இடைவெளி கூடும், கிராஷுக்குப் பின் மீளும் நேரமும் கூடும். கேள்விகளை இயக்கும் பேக்கெண்ட் புராசஸ்களே எழுதித் தள்ளினால், 4 எம்பி வொர்க்-மெமில் (ஒரு வரிசைப்படுத்தலுக்கு இயல்பாகத் தரப்படும் நினைவகம்) அடங்காத சார்ட் தற்காலிகக் கோப்பில் கொட்டுகிறதா பாருங்கள். இவை எதற்கும் புது டிஸ்க் மருந்தல்ல.

டிஸ்க் தகராறில் இதைவிட வேகமாகத் திசை காட்டும் கருவி என் கையில் இல்லை. ஆனாலும் புதிதாகச் சேருபவரிடம் இதைத் தனியாகக் கொடுக்க மாட்டேன். யூட்டிலில் அலர்ட் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிட்டு அவெயிட்டில் வையுங்கள்.