மூன்றாம் எண் கூண்டும் எங்கள் ராமேஸ்வரம் பஸ்ஸும்

பர்மிங்காமில் பதினெட்டு வருடமாக மழையோடுதான் குடித்தனம். அதனால் "கார்த்திகையில ராமேஸ்வரமா? ஊத்துமேடி" என்று அம்மா சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பர்மிங்காம் மழை மேலிருந்து கீழே விழும். பாம்பன் மழை பக்கவாட்டில் வரும். குடையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிப்பதற்குள் குடைக்கம்பி மட்டும்தான் கையில் இருக்கும்.

மதுரையிலிருந்து ஒரே நாளில் ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏசி பஸ். கூடவே கைடு, காலை டிபன். தலைக்கு 1,250 ரூபாய். வாட்ஸ்அப்பிலேயே சீட் போட்டுவிட்டார்கள். பணம் கட்டும்போதுதான் சிக்கல்: என் இங்கிலாந்து கார்டு போகவில்லை. கடைசியில் தம்பி ஜிபேயில் அனுப்பிவிட்டு, "நீ எனக்குப் பவுண்டா குடுத்துருக்கா" என்றான். ஊருக்கு வரும் நம்மாட்கள் இதற்கென்றே ஒரு தம்பியைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

கிளம்புவதற்கு முந்தின இரவு டிவியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று ஓடிக்கொண்டிருந்தது. டூர் ஆபீசுக்குப் போன் போட்டேன். "வண்டி கண்டிப்பா கெளம்பும் மேடம், தனுஷ்கோடியும் உண்டு" என்றது ஒரு பெண் குரல். சரி, தெரிந்தவர்கள் சொல்கிறார்கள் என்று படுத்துவிட்டேன்.

காலை ஐந்து மணிக்கு ரயில்வே ஜங்ஷன் எதிரில் ஏறினோம், அம்மா, நான், என் பதினொரு வயது மகள். பஸ்ஸில் பாதிப் பேர் மாலை போட்ட ஐயப்ப சாமிகள். மானாமதுரை வரை தூறல்தான். பரமக்குடியில் பொங்கலும் வடையும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராமநாதபுரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மகள் உட்கார்ந்திருந்த ஜன்னலில் ரப்பர் பட்டை விட்டுப்போயிருந்ததால் அவள் தொடையில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. டிரைவர் அண்ணன் உச்சிப்புளியில் வண்டியை ஓரங்கட்டி, தன் துண்டையே முறுக்கி அந்த இடுக்கில் திணித்துவிட்டு, "இனிமே ஒழுகாது பாப்பா" என்றார். ஒழுகவும் இல்லை.

மண்டபத்தில் டீக்கு நிறுத்தினார்கள். டீ ஆற்றியவர் எங்கள் பஸ்ஸையும் எங்களையும் ஒரு பார்வை பார்த்தார். "தனுஷ்கோடிக்கா? பாம்பன்ல மூணாம் நம்பர் ஏத்தியாச்சே. நேத்துச் சாயங்காலமே ஏத்திட்டாங்க. போட்டுக்கு டோக்கனும் குடுக்கல."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டில் ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில் வானிலை கெடுகிறது. மூன்று என்றால் இந்தத் துறைமுகத்துக்கே திடீர்க் காற்றும் மழையும் வரக்கூடும். மீன்வளத்துறை டோக்கன் கொடுத்தால்தான் ராமேஸ்வரத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகலாம். அன்றைக்கு எல்லாம் கரையோரம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆக, முந்தின மாலையே மீன்காரருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் பதில் சொன்ன ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

பாம்பன் சாலைப் பாலத்தில் வழக்கமாக வண்டியை நிறுத்தி எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அன்று யாரும் நிறுத்தவில்லை. 1988இல் திறந்த பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதை எங்கள் டிரைவர் மாட்டுவண்டி வேகத்தில் கடந்தார். இடப்பக்கம் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் மழைத்திரைக்குள் மங்கலாகத் தெரிந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் என்று கைடு கையால் தூக்கிக் காட்டினார். ராமநாதபுரம் பக்கத்துப் பையன், கதை சொல்வதில் கெட்டி. அதற்கு முந்தைய 1914ஆம் வருடப் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி இருந்ததாம். வேகம் 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். ரயிலுக்குக் கருவி, படகுக்குக் கூண்டு, டோக்கன். டூர் பஸ்ஸுக்கு?

கோயில் மதியம் ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கைடு எங்களை ஓட ஓட விரட்டினார். அக்னி தீர்த்தத்தில் போலீஸ் மைக்கில் கத்திக்கொண்டிருந்தது, யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று. கரையில் நின்று தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. அப்புறம் உள்ளே 22 தீர்த்தம். கிணற்றுச் சுவர்மேல் நிற்கும் ஆட்கள் வாளியால் மொண்டு மொண்டு ஊற்ற, மேலே வானமும் ஊற்ற, எது தீர்த்தம் எது மழை என்று தெரியாமல் அம்மா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி நின்றார். எழுபத்திரண்டு வயது. நான் பன்னிரண்டாவதில் நடுங்க ஆரம்பித்துவிட்டேன். அவர் கடைசிவரை விடவில்லை. மகளுக்கு இதுதான் பயணத்திலேயே சிறந்த பகுதி. "பாட்டி, இன்னொரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டாள்.

ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். பெண்கள் உடை மாற்றும் அறையில் அன்றைய கூட்டத்துக்குக் கை நீட்ட இடமில்லை. மாற்றுத்துணியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி எடுத்துப் போங்கள், ஒன்று போதாது. செல்போனைக் கைடு பையிலேயே விட்டுவிட்டதால் போட்டோ கிடையாது. அதனால் என்ன, மூன்றாம் பிராகாரத்தைக் கண்ணாலேயே நிதானமாகப் பார்த்தேன். 1,212 தூண்கள் என்பார்கள். வெளியே வானம் பிய்த்துக்கொண்டு கொட்ட, உள்ளே அந்த நீண்ட வரிசை சொட்டு நனையாமல் கண்ணுக்கெட்டியவரை போய்க்கொண்டே இருந்தது. கல்தரை மட்டும் வழுக்கும், பெரியவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, போய்த்தான் பார்ப்போமே என்று சாமிகள் கேட்டதால் தனுஷ்கோடி ரோட்டில் வண்டியைத் திருப்பினார்கள். முகுந்தராயர் சத்திரம் செக்போஸ்ட்டில் மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் ஒருவர் கையை மட்டும் ஆட்டினார், திரும்பிப் போ என்று. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் கடல். ரோட்டின்மேல் மணல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாமி இறங்கிப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் கைடு மைக்கை எடுத்து, 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவைச் சொல்ல ஆரம்பித்தார். இலங்கைக்கு நீராவிக் கப்பல் போய்வந்த துறைமுகம், தபால் ஆபீஸ், ரயில் நிலையம், தேவாலயம் இருந்த ஊர். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அதை அப்படியே வாரிக்கொண்டு போனது. வண்டியில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலமும் உடைந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் 46 நாளில் அதைச் சரிசெய்தார், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர். பாலத்துக்கு உயிர் வந்தது, தனுஷ்கோடிக்கு வரவில்லை. அங்கே மறுபடி ரயில் போகவே இல்லை.

பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிட்டது. கெஞ்சப் போன சாமி நனைந்து திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் தன் சீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் அண்ணன் வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினார்.

மிச்ச நேரத்துக்குப் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். உள்ளே மழையில்லாமல் நடக்கலாம், ராக்கெட் ஏவுகணை மாதிரிகளைப் பார்த்து மகள் குஷியாகிவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் இருட்டும் மழையும். டிரைவர் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. யார் கேட்டாலும் பாத்ரூமுக்கு நிறுத்தினார். மதுரை வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அவருக்கும் அந்தப் பையனுக்கும் தனித்தனியாகப் பணம் கொடுத்தேன், மனதாரக் கொடுத்தேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போன் செய்தேன். செக்போஸ்ட் மூடியது அவர்கள் குற்றமில்லை, அது எனக்குத் தெரியும். மூன்றாம் எண் ஏற்றியிருக்கும்போது தனுஷ்கோடி உண்டு என்று ஏன் சொன்னீர்கள் என்றுதான் கேட்டேன். "இயற்கைச் சீற்றத்துக்கு நிர்வாகம் பொறுப்பில்லைன்னு டிக்கெட்லயே போட்டிருக்கு மேடம்." டிக்கெட்டைப் பார்த்தேன், பின்பக்கம் எறும்பு சைஸில் இருந்தது. அப்போ, எச்சரிக்கை இருந்தால் முதல்நாளே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடலாமே, வருவதும் வராததும் நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச்சில்லை. பிறகு, பணம் திரும்பத் தர வழியில்லை, வேண்டுமானால் எங்கள் மூன்று பேருக்கும் அழகர்கோவில் அரைநாள் டூர் இலவசம் என்றார்கள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே ஈரப்புடவையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அழகர்கோவிலுக்கு டவுன் பஸ்லயே எனக்கு டிக்கெட் கெடையாதுன்னு சொல்லுடி."