பில்லில் பிரேக்-இன் ஆயில், சம்பில் டிரம் ஆயில்

ஃப்ளாட் டேப்பெட் எஞ்சினை (கேம்ஷாஃப்டின் மேடுகள் மேல் நேரடியாக உரசி வால்வைத் திறக்க உதவும் டேப்பெட் உள்ளதை) பிரித்து வேலை செய்யக் கொடுத்திருப்பவர்கள், வண்டியை எடுக்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு பட்டறையில் நடந்தது இது. எஞ்சின் செவர்லே 350. புது கேம்ஷாஃப்ட், புது ஹைட்ராலிக் டேப்பெட், ரிங், பியரிங் எல்லாம் மாற்றியாயிற்று. பில்லில் "ஜிங்க் பிரேக்-இன் ஆயில்" (புது பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் முதல் ஓட்டத்துக்கான ஆயில்) என்று தனி வரி, அதற்குத் தனிக் கட்டணம். 200 கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒரு பக்க வால்வு கவருக்குள் டிக் டிக் சத்தம். கொண்டுபோனால் ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) நட்டைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் போனது, இரண்டே நாளில் திரும்பி வந்தது. ஹைட்ராலிக் டேப்பெட்டில் அட்ஜஸ்ட்மென்ட் தானாகத் தளராது. தளர்ந்தால் பெரும்பாலும் கீழே ஏதோ கரைகிறது என்று பொருள். நட்டை இறுக்கியவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

புஷ்ராடு (டேப்பெட்டிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) மேல் டயல் கேஜ் வைத்து லிஃப்ட், அதாவது தூக்கும் உயரம், அளந்ததில் இரண்டு லோப் (கேமின் மேடு) மற்றவற்றைவிட 2 மில்லிமீட்டர் குறைவு. அந்த இரண்டு டேப்பெட்டையும் வெளியே எடுத்தால், அடிமுகம் கிண்ணம்போல் குழிந்து, விளிம்பில் நகம் மாட்டுகிறது. பெயர்தான் ஃப்ளாட் டேப்பெட். புதிதாக இருக்கும்போது அதன் அடிமுகம் தட்டை கிடையாது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுவில் புடைத்திருக்கும். இரண்டு புது டேப்பெட்டை முகத்தோடு முகம் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் லேசாக ஆடும், ஓரத்தில் ஒளி கசியும். லோபும் ஒரு பக்கம் சற்றே சரிவாகத்தான் தீட்டப்பட்டிருக்கும். இந்தப் புடைப்பும் சரிவும் சேர்ந்துதான் டேப்பெட்டைச் சுழல வைக்கின்றன. சுழலாத டேப்பெட்டில் ஒரே கோடு தேயும், பிறகு கேமும் சேர்ந்து போகும்.

பட்டறையின் பதில் எல்லாரும் கேட்டதுதான்: "கேம் மட்டமான சரக்கு, நாங்கள் என்ன செய்வது?" மட்டமான கேமும் டேப்பெட்டும் சந்தையில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே வடித்த ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியதில் பாஸ்பரஸ் 760 பிபிஎம் (பத்து லட்சத்தில் 760 பங்கு), ஜிங்க் 840, கால்சியம் 2100. இது பிரேக்-இன் ஆயிலே இல்லை. டிரம்மிலிருந்து பிடித்த சாதாரண 5டபிள்யூ-30 கார் ஆயில். "ஓடிய ஆயிலில் ஜிங்க் தீர்ந்துபோயிருக்கும்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அந்தச் சோதனை எண்ணுவது தனிமத்தை. சேர்மம் சிதைந்தாலும் பாஸ்பரஸ் பெரும்பாலும் ஆயிலிலேயே கிடக்கும், 200 கிலோமீட்டரில் பாதியாகக் குறையாது.

இந்த எண் ஏன் முக்கியம்? ஜிங்க் என்று நாம் சுருக்கிச் சொல்வது இசட்டிடிபி என்ற சேர்மத்தை. ஜிங்க், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் அதில் உண்டு. லோபும் டேப்பெட்டும் உரசும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் அது உடைந்து, இரும்பின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பாஸ்பேட் படலத்தை விரிக்கிறது. அந்தப் படலம் உருவாகும் முன் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசினால் கதை முடிந்தது. பாஸ்பரஸ் புகையோடு போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், கார் ஆயிலில் அதற்கு வரம்பு வைத்தார்கள். 2004-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் தரம் முதல் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் 0.08 சதவீதம், அதாவது 800 பிபிஎம்தான் உச்சம். அடியில் சக்கரம் உள்ள ரோலர் டேப்பெட் எஞ்சினுக்கு அது போதும். புது ஃப்ளாட் டேப்பெட்டின் முதல் அரை மணிக்குப் போதாது.

கால்சியம் எண்ணையும் பாருங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். கால்சியம் என்றால் டிடர்ஜென்ட், அழுக்கை நீக்கும் சேர்ப்பு. அதுவும் அதே இரும்புப் பரப்பில் ஒட்டத்தான் வருகிறது, ஜிங்க் உட்கார வேண்டிய இடத்துக்குப் போட்டி. நல்ல பிரேக்-இன் ஆயிலில் பாஸ்பரஸ் 1200 பிபிஎம்முக்கு மேலே, டிடர்ஜென்ட் குறைவு, உரசலைக் குறைக்கும் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் கிடையாது. ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் இருந்தால் ரிங் உட்காரத் தாமதமாகும். இதைக் கேட்டுவிட்டு "டிடர்ஜென்ட் இல்லாத ஆயில்தானே" என்று மிகப் பழைய தரமான ஏபிஐ எஸ்ஏ கேனை வாங்கி ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். எஸ்ஏ-வில் டிடர்ஜென்டும் இல்லை, ஜிங்கும் இல்லை, வெறும் எண்ணெய்.

கேனில் பெரிதாக "ஹை ஜிங்க்" என்று அச்சடித்திருப்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். டேட்டா ஷீட்டைக் கேளுங்கள், பாஸ்பரஸ் எத்தனை பிபிஎம் என்று அதில் இருக்க வேண்டும். எண் தர மறுக்கும் ஆயிலை வைத்துவிட்டு வாருங்கள். கேனின் முன்பக்கம் நட்சத்திர வடிவ முத்திரை இருந்தால் அது 800 வரம்புக்குள் அடங்கிய ஆயில், இந்த வேலைக்கு ஆகாது.

சாதா ஆயிலோடு ஜிங்க் பாட்டில் கலந்து விற்பது அடுத்த வழி. கணக்குப் போட்டுச் செய்தால் தப்பில்லை. 800 பிபிஎம் ஆயில் 4.7 லிட்டர், 9000 பிபிஎம் பாஸ்பரஸ் உள்ள அடிட்டிவ் 300 மில்லி என்றால், 5 லிட்டரில் சராசரி ஏறக்குறைய 1290. நல்லது. "இன்னொரு பாட்டிலும் இருக்கட்டும்" என்று ஊற்றினால் கிட்டத்தட்ட 1730. அளவு மீறிய இசட்டிடிபி இரும்பையே அரிக்கும், தேய்மானம் குறைவதற்குப் பதில் கூடும். பாட்டிலில் சதவீதம் போடவில்லையென்றால் இந்தக் கணக்கே போட முடியாது. அதோடு, எத்தனை பாட்டில் ஊற்றினாலும் டிரம் ஆயிலின் கால்சியம் அப்படியேதான் இருக்கும்.

இதையும் சொல்லியாக வேண்டும்: ஆயில் மட்டும் அந்த கேமைக் கொல்லவில்லை. முதல் ஸ்டார்ட்டிலேயே எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டத்தில்) விட்டு, கார்புரேட்டரையும் டைமிங்கையும் நிதானமாகச் சரிபார்த்திருக்கிறார்கள். புஷ்ராடு எஞ்சினில் லோபுக்குத் தனி ஆயில் வழி கிடையாது. கிராங்க் சுழற்றி அடிக்கும் ஆயில்தான் அதற்கு. ஐடிலில் அந்தத் தெறிப்பு சொற்பம், அதே நேரம் லோபின் மூக்கில் ஸ்ப்ரிங் அழுத்தம் முழுசாக இறங்கும். ஆர்பிஎம் ஏறினால் தெறிப்பும் கூடும், மூக்கின் மேல் சுமையும் குறையும்.

ஆகவே சாவி திருப்பும் முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். லோபிலும் டேப்பெட்டின் அடிமுகத்திலும் மாலிப்டினம் பேஸ்ட், டேப்பெட்டின் பக்கச் சுவரில் வெறும் ஆயில் மட்டும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி டிரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றி, ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் வரும்வரை விடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், டைமிங் முன்கூட்டியே நிறுத்தியது. இரட்டை ஸ்ப்ரிங் என்றால் உள் ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டி, பிறகு மாட்டுங்கள். பழைய டேப்பெட்டைப் புது கேமில் போடவே கூடாது.

எஞ்சின் பிடித்ததும் நேராக 2000 ஆர்பிஎம். 20 முதல் 30 நிமிடம், 2000-க்கும் 2500-க்கும் இடையே ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புஷ்ராடில் பெயின்ட் கோடு போட்டு, வால்வு கவர் திறந்த நிலையில் எல்லாம் சுழல்கின்றனவா என்று பாருங்கள்; ஆயில் தெறிக்கும், துணி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுழலவில்லை என்றாலும் நிறுத்திவிடுங்கள். சூடு ஏறினாலோ கசிந்தாலோ ஐடிலுக்கு இறக்காமல் ஆஃப் செய்து, சரிசெய்து, மீண்டும் பிடித்ததும் 2000.

முடிந்ததும் சூட்டோடு ஆயிலை வடித்து ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மடிப்பில் சாம்பல் பசை இருந்தால் மாலிப்டினம், காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தில் மயிர்போல் நிற்பது இரும்பு. துளி இருந்தால் சகஜம், கொத்தாக நின்றால் வால்வு கவரைத் திறக்க வேண்டியதுதான். அடுத்த ஊற்றும் பிரேக்-இன் ஆயிலே, 800 கிலோமீட்டர் வரை. டிடர்ஜென்ட் குறைவான ஆயில், அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பிறகு 1000 முதல் 1200 பிபிஎம் பாஸ்பரஸ் உள்ள 15டபிள்யூ-40 மாதிரி ஆயில் போதும்.

பட்டறைதான் முதல் ஸ்டார்ட் செய்யப்போகிறது என்றால், சீல் உடையாத கேனை நீங்களே வாங்கிக் கொடுத்து, அந்த அரை மணி நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். சீல் உடைத்த கேனிலிருந்து 100 மில்லியும், வடித்த ஆயிலிலிருந்து 100 மில்லியும் சுத்தமான பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி வையுங்கள். அறுத்த ஃபில்டரும் டேப்பெட்டுகளும் உங்களிடமே இருக்கட்டும். "வாரன்டிக்கு அனுப்ப வேண்டும்" என்று கேட்டால், டேப்பெட்டின் அடிமுகத்தைப் படம் எடுத்து, எந்த லோபில் இருந்தது என்று எண் போட்ட பிறகு கொடுங்கள். மேலே சொன்ன எஞ்சினில் அந்த இரண்டு டேப்பெட்டும் அப்படித்தான் போயின, இன்னும் திரும்பி வரவில்லை.