பழைய பாட்காஸ்ட்டுகளைக் கழிக்கும் வேலை: போனிடமா, வீட்டு சர்வரிடமா, கம்ப்யூட்டரிடமா?

கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டதும் வேறு செயலிக்கு மாறியே ஆகவேண்டி வந்தது. மாறுவது பெரிய வேலை இல்லை. சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்துப் புதிய செயலியில் கொடுத்தால் போதும். ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது பாட்காஸ்ட்டுகளின் பெயரும் ஃபீட் முகவரியும்தான் (ஃபீட் என்பது எபிசோடுகளின் பட்டியலைச் செயலிக்குத் தரும் இணையக் கோப்பு). எதைக் கேட்டு முடித்தோம், எது பாக்கி என்ற கணக்கு அதில் வராது. அப்புறம் கேட்டதும் கேட்காததும் ஒரே குவியலாகக் கிடக்கும். பழையதை ஒழுங்காகக் கழிக்க எது நல்ல வழி என்று நான் தேடத் தொடங்கியது இதனால்தான்.

ஆண்ட்ராய்டு போனில் ஆன்டெனாபாட், வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பை சர்வராக்கி ஆடியோபுக்‌ஷெல்ஃப், கம்ப்யூட்டரில் ஜிபாடர் என மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றும் இலவசம், மூன்றும் திறமூல மென்பொருள் (மூல நிரலை யாரும் பார்க்கலாம்), மூன்றுமே ஃபீட் முகவரியைக் கொடுத்தால் எபிசோடுகளை இறக்கிக்கொள்ளும். அதில் ஒப்பிட ஒன்றுமில்லை. நான் இப்போது நிற்பது ஆன்டெனாபாடில்.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில், வேலை ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தோட்டத்துக்குள் போய்விட்டால் அதுவும் இல்லை. ஆகவே வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டுதான் மலையேற வேண்டும். அதோடு, நவம்பரிலிருந்து பழம் பறிக்கும் சீசன். பழத்தோலை உரிக்கும் பல்பர் இயந்திரமும் கொட்டை காயவைக்கும் களமும் ஓடுகிற நாட்களில் எதையும் கேட்க நேரம் இருக்காது. எபிசோடுகள் சேர்ந்துகொண்டே போகும். சீசன் முடிந்தபிறகுதான் கேட்கவே உட்கார முடியும்.

இடக் கணக்கு எளிது. 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் எம்பி3 ஒலிக்கோப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 எம்பி. தினமும் அரை மணி நேரம் வருகிற ஒரே ஒரு செய்தி பாட்காஸ்ட் வருஷத்துக்குப் பத்து ஜிபிக்கு மேல் தின்றுவிடும். கழிக்காமல் இருக்க முடியாது.

கழிப்பது என்றால் எதை வைத்துக் கழிப்பது? என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான். ஆடியோபுக்‌ஷெல்ஃப் எண்ணிக்கையைப் பார்க்கிறது. ஒவ்வொரு பாட்காஸ்ட்டுக்கும் அதிகபட்சம் எத்தனை எபிசோடு வைத்திருக்கலாம் என்று ஒரு எண் கொடுக்கிறோம். புதியது ஒன்று தானாக இறங்கியதும், எண்ணிக்கை அதைத் தாண்டியிருந்தால் இருப்பதிலேயே பழையது போய்விடும். யாராவது கேட்டார்களா இல்லையா என்பது அந்த விதிக்குப் பொருட்டே இல்லை.

தினச் செய்திக்கு இது ரொம்பப் பொருத்தம். போன வாரச் செய்தியை யாரும் தேடப் போவதில்லை. ஆனால் தொடர்கதையோ சரித்திரத் தொடரோ என்றால் கணக்கு தலைகீழ். அங்கே மிகப் பழையது முதல் அத்தியாயம், அதாவது நாம் முதலில் கேட்க வேண்டியது. சீசன் முடியட்டும் என்று எடுத்து வைத்திருக்கும் தொடரில் பத்து என்று எண் கொடுத்திருந்தால், பதினோராவது அத்தியாயம் வந்ததும் முதல் அத்தியாயம் இருக்காது. தொடரை நடுவிலிருந்து யார் கேட்பார்கள்?

அந்த விதியிலும் நியாயம் இருக்கிறது. சர்வர் என்பது வீட்டுக்கே பொது. நான் கேட்டு முடித்ததை அம்மா இன்னும் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஒருவர் கேட்டதை வைத்து எல்லோருக்குமான கோப்பை அழிப்பது சரியாகாது. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஒரு புதிய எபிசோடுக்கு ஒரு பழையதைத்தான் அது அழிக்கும். ஏற்கெனவே 200 சேர்ந்துவிட்ட இடத்தில் பத்து என்று எண்ணைப் போட்டால் 190 உடனே போய்விடாது, 200 அப்படியே நிற்கும். குவிந்ததை ஒருமுறை நாமே கையால் குறைத்துவிட வேண்டும். அப்படி அழிக்கும்போது, டிஸ்க்கிலிருந்தும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தைக் கவனியுங்கள். நூலகத்திலிருந்து மட்டும் நீக்கினால் கோப்பு டிஸ்க்கிலேயே கிடக்கும், இடம் ஒரு எம்பிகூட மிச்சமாகாது.

ஆன்டெனாபாட் கேட்டு முடித்ததா என்று பார்க்கிறது. முடிந்ததும் அழி என்று வைக்கலாம், அல்லது தானாக இறக்கும்போது இடம் வேண்டுமானால் கேட்டு முடித்து இத்தனை நாள் ஆனதை அழி என்று வைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறேன், மூன்று நாள் கெடு. இந்த முறையில் கேட்காத எபிசோடின்மேல் அது கை வைக்காது. வரிசையில் போட்டது, நட்சத்திரம் குத்தியது இவற்றையும் தொடாது. போனில் அதிகபட்சம் இத்தனை எபிசோடு என்று நாம் வைத்த எண்ணிக்கை கேட்காதவற்றாலேயே நிரம்பிவிட்டால் புதியதை இறக்குவதை நிறுத்திக்கொள்ளும். எனக்கு வேண்டியது இதுதான். இறங்காமல் நிற்கும் எபிசோடை நாளைக்கு இறக்கிக்கொள்ளலாம். அழிந்ததை அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

ஏன் என்றால், எபிசோடு திரும்பக் கிடைப்பது வெளியிடுகிறவர் கையில் இருக்கிறது. ஃபீடில் எல்லாப் பழைய எபிசோடுகளும் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கும் இணையதளத்தின் ஃபீட், யாரும் மாற்றி அமைக்காவிட்டால், கடைசி பத்துப் பதிவுகளை மட்டுமே காட்டும். சொந்தத் தளம் வைத்துச் சின்ன அளவில் நடத்துகிறவர்களிடம் இந்தச் சிக்கல் வரலாம். அதனால் எதையும் அழிக்குமுன், ஃபீடில் முதல் எபிசோடு இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை கீழே வரை தள்ளிப் பாருங்கள். இல்லையென்றால் உங்களிடம் இருப்பதுதான் ஒரே பிரதி.

கேட்டு முடித்ததை வைத்துக் கழிக்கும் முறையில் ஒரு இடைஞ்சல் உண்டு. எபிசோடு முடியும் தறுவாயில் நன்றியுரையும் விளம்பரமும் வரும், நாம் நிறுத்திவிடுவோம். செயலியின் கணக்கில் அது முடியாதது. இப்படிக் கடைசி ஒரு நிமிஷம் மட்டும் பாக்கி வைத்துக்கொண்டு நிறைய எபிசோடுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இதற்கென்றே ஆன்டெனாபாடில் ஓர் அமைப்பு இருக்கிறது: இத்தனை விநாடிக்குக் குறைவாகப் பாக்கி இருந்தால் முடிந்ததாகவே எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். அதைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் கழிக்கும் வேலை தானாக நடக்கிறது.

ஜிபாடரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல முடியும், நான் அதிகம் புழங்கவில்லை. கேட்டு இத்தனை நாளானதை அழிக்கும் வசதி அதிலும் உண்டு, வேண்டியதைப் பூட்டி வைக்கவும் முடியும். அழிக்கும் சன்னலில் கேட்டவை, முடித்தவை, பழையவை என்று மொத்தமாகத் தேர்ந்தெடுக்க முடிவது கையால் சுத்தம் செய்கிறவர்களுக்கு வசதி. தோட்டத்து ஜீப்புக்குப் பென்டிரைவில் ஏற்ற அது கைகொடுத்தது. ஆனால் பென்டிரைவில் கேட்டது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! கேட்டவற்றை நாமே போய்க் குறிக்க வேண்டும், அங்கேயே எனக்குச் சலித்துவிட்டது.

பாக்கெட் காஸ்ட்ஸ் என்ற இன்னொரு பாட்காஸ்ட் செயலியைக் கொஞ்ச நாள்தான் பார்த்தேன், அதனால் தீர்ப்பாகச் சொல்லவில்லை. கேட்டதைக் காப்பகத்துக்கு அனுப்பும் வசதி நன்றாகவே இருக்கிறது. தொடாமலே கிடப்பதையும் ஒரு வாரம், ஒரு மாதம் என்று கெடு வைத்து அனுப்பலாம். என்னைப்போல் சீசன் முழுக்கக் கேட்காமல் இருப்பவர்கள் அந்த இரண்டாவதை அணைத்து வைப்பது நல்லது.

சர்வரை நான் நிறுத்திவிடவில்லை. அம்மா கேட்ட சொற்பொழிவையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கேட்டால் அழியும் செயலி அவர்களுக்குச் சரிப்படாது. ஆடியோபுக்‌ஷெல்ஃபில் அந்தப் பாட்காஸ்ட்டுகளுக்கு எண்ணைப் பூஜ்யமாக வைத்திருக்கிறேன், பூஜ்யம் என்றால் வரம்பு கிடையாது. செய்திக்கு மட்டும் ஏழு. தொடர்கள் எல்லாம் என் போனில் இருக்கின்றன, ஃபீடில் இல்லாதவற்றுக்கு நட்சத்திரம் குத்தி.