ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்துக்கான ஆவணச் சேவை: கிருஷ்ணகிரி முகவர் அலுவலகம் ஒன்றைப் பற்றி

கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலையையொட்டி இயங்கும் ஒரு பயண முகவர் அலுவலகம், ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்வோருக்கு விசா, விமானச் சீட்டு ஆகியவற்றோடு, அங்கே சட்டப்படி வேட்டைக்குப் போக விரும்புவோருக்கான ஆவணங்களையும் சரிபார்த்துத் தருகிறது. கிரானைட் தொழிலில் இருக்கும் என் பெரியப்பா மகன் கல் பார்க்க நமீபியா செல்லவிருந்தார். அங்குள்ள வணிக நண்பர் வேட்டைப் பண்ணை ஒன்றுக்கு அழைத்திருந்ததால் இந்தச் சேவையை நாடினார். காகித வேலை முழுவதையும் அவருக்காக நான் கவனித்துக்கொண்டேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வாழும் நமக்கு வேட்டை என்றாலே குற்றம்தான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டவர்களின் செய்தியைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அது சரியான சட்டம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், வேட்டையை அனுமதிக்கும் நாட்டில் அனுமதி எந்த விதிகளின்படி தரப்படுகிறது என்பதை அறியாமல் பணம் கட்டுகிறவர், தன்னை அறியாமலே கள்ள வேட்டைக்காரர் ஆகிவிடக்கூடும். இந்த அலுவலகத்தின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. அண்ணன் முதலில் கட்டணத்தைத்தான் கேட்டார். பொறுப்பில் இருந்த பெண்மணி, "விலையை அப்புறம் பேசலாம் அண்ணா, உங்களைக் கூட்டிட்டுப் போறவர் யாருன்னு முதல்ல பார்க்கணும்" என்று கூறி, பண்ணைக்காரரிடமிருந்து வழிகாட்டியின் பதிவுச் சான்று வரும்வரை முன்பணம் வாங்க மறுத்துவிட்டார்.

நமீபியாவில் வெளிநாட்டு வேட்டைக்காரர் தனியாகக் காட்டுக்குள் இறங்க முடியாது. சுற்றுச்சூழல், வனம், சுற்றுலா அமைச்சகத்தில் பதிவுபெற்ற வழிகாட்டி உடன் இருந்தாக வேண்டும். வேட்டைக்கான அனுமதிச் சீட்டும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். வழிகாட்டிகளிலும் நிலைகள் உண்டு. சாதாரண வேட்டை வழிகாட்டி தனக்குப் பதிவான பண்ணைக்குள் மட்டுமே அழைத்துச் செல்லலாம். தொழில்முறை வேட்டைக்காரர் என்ற நிலை பெற்றவருக்கு அந்த எல்லை இல்லை. யானை, சிங்கம் போன்ற ஆபத்தான விலங்குகளுக்குத் தனித் தகுதி வேண்டும். அண்ணனுக்கு வந்த சான்றில் இருந்த பண்ணையின் பெயரும், அழைப்புக் கடிதத்தில் இருந்த பண்ணையின் பெயரும் வேறுவேறாக இருந்ததை அந்தப் பெண்மணிதான் கண்டுபிடித்தார். பக்கத்துப் பண்ணை, ஒரே குடும்பத்தாருடையது என்று அங்கிருந்து விளக்கம் வந்தது. அதை அவர் ஏற்கவில்லை. அந்த நிலத்துக்கு உரிய வழிகாட்டியின் சான்றை வரவழைத்த பிறகே கோப்பை நகர்த்தினார்.

ஒப்பந்தத்தையும் வரிவரியாகத் தமிழில் விளக்கினார்கள். காயப்பட்ட விலங்கு கண்ணில் படாமல் தப்பிவிட்டாலும் அதற்குரிய முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும் என்ற வரி சிறிய எழுத்தில் இருந்தது. அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதன் பக்கத்தில் அண்ணனின் கையொப்பத்தை வாங்கினார்கள். துப்பாக்கிக் குண்டின் ஆற்றலுக்கும் நமீபியாவில் குறைந்தபட்ச அளவு உண்டு: ஸ்பிரிங்பாக் என்ற சிறிய மானுக்கு 1350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக் போன்ற பெரிய மான்களுக்கு 2700, எருமை, யானைக்கு 5400. விலங்கு துடித்துச் சாகக் கூடாது என்பதற்கான இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்கிருந்து துப்பாக்கி கொண்டுபோகாமல் பண்ணையிலேயே வாடகைக்கு எடுக்கும்படி சொன்னதும் நல்ல ஆலோசனை. சொந்தத் துப்பாக்கியோடு போவதில் உள்ள சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டும் சொன்னார்கள்: தென்னாப்பிரிக்காவுக்கு அதைக் கொண்டுசெல்வோர், அந்நாட்டுக் காவல்துறையின் தற்காலிகத் துப்பாக்கி அனுமதிக்கான எஸ்ஏபிஎஸ் 520 படிவத்தைக் கறுப்பு மையில் முன்பே நிரப்பினாலும், கையொப்பத்தை அங்குள்ள காவல் அதிகாரியின் முன்னால்தான் இட வேண்டும். இங்கேயே கையெழுத்திட்டு எடுத்துப் போகிறவர் அங்கே சிக்கலில் மாட்டுவார். தென்னாப்பிரிக்காவில் வழிகாட்டி மட்டும் போதாது. பயணத்தை ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்கும் தனி உரிமம் வேண்டும், அந்த உரிமங்கள் மாகாணவாரியாக வழங்கப்படுகின்றன.

குறைகளும் உண்டு. அலுவலகத்தில் தரும் துண்டறிக்கை ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே நாடு போலக் காட்டுகிறது. கென்யா 1977லேயே வேட்டையைத் தடை செய்த நாடு. போட்ஸ்வானா 2014இல் தடை விதித்து 2019இல் நீக்கியது. தான்சானியாவில் ஆறு வயது நிரம்பாத சிங்கத்தைச் சுடக் கூடாது. நேரில் கேட்டால் இவற்றையெல்லாம் தெளிவாகச் சொல்கிறவர்கள், அச்சிட்ட தாளில் ஏன் விட்டுவிட்டார்கள் என்று புரியவில்லை.

அதைவிடப் பெரிய குறை, கொம்பையோ தோலையோ இந்தியாவுக்குக் கொண்டுவருவது பற்றியது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976 முதல் உறுப்பு நாடு. அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ள விலங்கென்றால், புறப்படும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியோடு நம் நாட்டின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். இவற்றோடு நம் வனவிலங்குச் சட்டமும் வணிக விதிகளும் குறுக்கே நிற்கும். இதைப் பற்றி அலுவலகத்தார் தாமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகே, "அதை எதிர்பார்க்காதீர்கள்" என்றார்கள். கொம்பைக் கூடத்தில் மாட்டும் ஆசையில்தான் பலர் இப்பயணத்துக்கே பணம் கட்டுகிறார்கள் என்பதால், முன்பணம் வாங்கும் ரசீதிலேயே இதை அச்சிட்டுத் தர வேண்டும். அண்ணன் புகைப்படங்களோடு நிறுத்திக்கொண்டார்.

சேவைக் கட்டணம் சற்று அதிகம்தான், ஆனால் மறைமுகமாக எதுவும் சேர்க்கப்படவில்லை. சனிக்கிழமைகளில் கூட்டம் மிகுதி. ஆவணங்களை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் வார நாளில் காலையிலேயே செல்வது நல்லது.