கொப்பியா, கயிறா?

கிளிநொச்சியில் உளவளத்துணைக்கு வருகிற பெரியவர்களிடம் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. நான் இரண்டைக் கலந்துதான் பார்க்கிறேன்.

ஒன்று, மனதில் ஓடும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் அறிகை நடத்தைச் சிகிச்சை. அதற்கு வேர், 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் செய்த வேலை. கொப்பி, பேனை போதும். கோயில் திருவிழாவில் வெடி கேட்டதும் ‘செல் வருகுது’ என்று, எறிகணை விழப்போவதுபோல மனம் பதறுகிறதா? அதை எழுதி, இன்றைக்கு அது பொருந்துமா என்று சேர்ந்து பார்ப்போம். வீட்டில் எழுதி வரச் சொன்னால் பலர் எழுதுவதில்லை. வயல் வேலை இருக்கிறது, சரிதானே.

மற்றது, வாழ்க்கைக் கதையை முழுதாகச் சொல்ல வைக்கும் சிகிச்சை. நிலத்தில் கயிற்றை விரித்து, பிறந்ததிலிருந்து வரிசையாக வைப்போம்: நல்லதுக்குப் பூ, கொடுமைக்குக் கல். 2009 வரும் இடத்தில் கற்கள் நெருங்கிக் கிடக்கும். கயிற்றின் நுனி சுருண்டபடியே இருக்கும். அது இனி வரும் காலம். அடுத்தடுத்த சந்திப்புகளில் ஒவ்வொரு கல்லையும் மணம், சத்தம், உடம்பின் நடுக்கம் உட்பட மெதுவாகச் சொல்வார்கள். போருக்குள் வாழ்ந்தவர்களுக்கு என் தெரிவு இதுதான். ஆனால் நித்திரையே இல்லாதவரிடம் முதல் நாளே கயிற்றை எடுக்க மாட்டேன், கொப்பிதான் முதலில்.

பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட ஒரு அம்மா அந்த இடத்தில் கல்லும் வைக்கவில்லை, பூவும் வைக்கவில்லை. இரண்டையும் கையிலேயே வைத்திருந்தார்.